கடலூர்ப் பாக்கெட்டும் புதுச்சேரிப் பையும்

புதுச்சேரி மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையை ஒட்டி நோட்டீஸ், பில் புத்தகம், விசிட்டிங் கார்டு அடித்துத் தருகிற சின்னக் கடை என்னுடையது. "மேட்டர் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டால், வருகிறவர்களில் பெரும்பாலானோர் "நீங்களே நல்லா எழுதிப் போட்டுடுங்கண்ணா" என்பார்கள். அந்த 'நல்லா' என்பதற்கு அவர்கள் மனதில் இருக்கும் வாசகங்கள் எனக்கு மனப்பாடம்: 'தரம் நிரந்தரம்', 'நம்பிக்கையின் மறுபெயர்', 'தங்கள் நல்லாதரவை நாடும்'. இந்த மூன்றையும் டெய்லருக்கும் போடலாம், மாவு மில்லுக்கும் போடலாம், பைக் மெக்கானிக்குக்கும் போடலாம். கடையின் பெயரை அழித்துவிட்டால் அது யாருடைய நோட்டீஸ் என்று கடைக்காரருக்கே தெரியாது.

கையில் சில ஆயிரம் ரூபாயும் ஒரு ஷட்டர் கடையும் மட்டுமே இருப்பவர் தன் தொழிலைப் பற்றி ஊருக்கு எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி என்னைப் பல வருடங்களாக விடவில்லை. விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. என் கடையிலிருந்து கிழக்கே ரெட்டியார்பாளையம், இந்திரா காந்தி சிலை, நெல்லித்தோப்பு தாண்டினால் நேரு வீதியில் ஹைடிசைன் தோல் பைக் கடை. சிலையிலிருந்து தெற்கே திரும்பி முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று பஸ்ஸில் போனால் கடலூர், சிக் ஷாம்பு பிறந்த ஊர். தோல் பைத் தொழில் 1978-ல் தொடங்கியது, ஷாம்பு 1983-ல். இரண்டுமே பெரிய மூலதனம் இல்லாமல் ஆரம்பித்தவை. இரண்டும் ஊருக்குத் தம்மைச் சொல்லிக்கொண்ட விதம் வடக்கும் தெற்கும்போல எதிரெதிர். ஆனாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே வேலைதான் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கடலூர். சிக் ஷாம்புவைத் தொடங்கிய சி.கே. ரங்கநாதனின் தந்தை சின்னி கிருஷ்ணன் பொருளைச் சிறு பொட்டலமாக்கி விற்பதில் முன்னோடி. முகப்பவுடர் டப்பாவில் மட்டும் கிடைத்த காலத்தில் அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாக விற்றவர். வசதியானவர் வாங்குவதைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க வேண்டும் என்று நினைத்தவர். அவர் மறைவுக்குப் பின் அண்ணன்மார்கள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். கருத்து வேறுபாட்டில் அந்த வீட்டுத் தொழிலை விட்டு வெளியே வந்த ரங்கநாதன், 15,000 ரூபாயில் சிக் இந்தியா என்று தனியாகத் தொடங்கினார். முன்னூறு ரூபாய் வாடகையில் தொழிற்கூடம், மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பாக்கெட் போடும் மிஷின். 'சிக்' என்ற பெயர் அப்பா பெயரின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது.

அப்போது கிராமத்தில் தலைக்குக் குளிப்பது என்றால் சீயக்காய் அல்லது அரப்பு. ஷாம்பு என்பது டவுன்காரர்கள் பாட்டிலில் வைத்திருக்கும் ஒன்று. அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து நீட்டினாலும் ஆள் வாங்கிவிடுவாரா? தண்ணியில் கலக்கணுமா, அப்படியே தலையில் ஊற்றணுமா? கண் எரியுமா? முடி கொட்டிப்போனால்? ஒரு தாய் மனதில் இவ்வளவும் ஓடும். 'தரம் நிரந்தரம்' என்ற வாசகம் இதில் எதற்கும் பதில் சொல்லாது.

ரங்கநாதன் என்ன செய்தார் என்பதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கிராமங்களுக்குப் போனார்கள். ஊர் கூடிய இடத்தில் ஒரு பையனை உட்காரவைத்து, எல்லார் கண்ணெதிரிலும் அவன் தலைக்கு ஷாம்பு போட்டு அலசினார்கள். பிறகு கூட்டத்தைக் கூப்பிட்டு முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், மோந்து பார்க்கச் சொன்னார்கள். அடுத்து ரஜினிகாந்த் படங்களைத் தங்கள் செலவில் திரையிட்டு, நடுவே விளம்பரம் காட்டி, செய்முறையும் காட்டி, வந்தவர்களுக்கு இலவசப் பாக்கெட் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தக் காட்சியைச் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. அந்தப் பையன் அதே ஊர்க்காரனாக இருந்தால், நாளைக்கும் அவன் அந்தத் தெருவில்தான் ஓடுவான். முடி கொட்டியதா இல்லையா என்று ஊரே பார்க்கும். அதைவிட வலுவான நோட்டீஸ் என் கடையில் அடிக்க முடியாது. எப்படித் தேய்ப்பது, எவ்வளவு தண்ணீர், கண்ணை எப்போது மூடுவது எல்லாம் சொல்லாமலே புரிந்துபோகும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்த விளம்பரம் முழுதாகப் போய்ச் சேரும்.

அடுத்து அவர்கள் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். எந்தக் கம்பெனி ஷாம்புவானாலும் ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். ஆட்கள் பழகியதும், சிக் பாக்கெட் கொண்டுவந்தால் மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனதாக ரங்கநாதன் சொல்கிறார். பிறகு மல்லிகை, ரோஜா வாசனை. பிறகுதான் நடிகை அமலா. இந்த வரிசையை நான் என் வாடிக்கையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. விளம்பரத்தில் நடிக்க நட்சத்திரம் வந்தது கடைசியில். அதற்குள் ஊர் தொட்டுப் பார்த்து முடித்திருந்தது.

இப்போது புதுச்சேரி. திலீப் கபூர் இங்கே ஆசிரமப் பள்ளியில் படித்து, அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போனவர். அங்கேயே தோல் வேலை பழகினார். திரும்பி வந்து 1978-ல் இரண்டு பேர் கொண்ட பட்டறையாக ஹைடிசைனைத் தொடங்கினார். பைகள் முதலில் வெளிநாட்டுக் கடைகளுக்குப் போயின. 1992-ல் பிரிட்டனில் ஒரு பத்திரிகை இவர்களுடைய 'பாக்ஸி' பையை அந்த ஆண்டின் சிறந்த துணைப்பொருளாகத் தேர்ந்தெடுத்தது. பின்னாளில் லூயி வித்தோன் பைகளின் தாய் நிறுவனமான எல்விஎம்எச் இதில் பங்கு வாங்குமளவுக்கு வளர்ந்தது.

இந்தப் பையை ஒருவர் கையிலெடுத்தால் எழும் சந்தேகம் ஷாம்புச் சந்தேகம்போல் அல்ல. பையை எப்படி மாட்டுவது என்று யாரும் கேட்கமாட்டார்கள். "இவ்வளவு விலையா?" என்பார்கள். "இந்த ஓரத்தில் கோடு தெரியுதே, டேமேஜ் பீஸா?" என்பார்கள். "ரெண்டு பக்கமும் ஒரே கலர் இல்லையே?" என்பார்கள்.

இதற்குத் தோலின் கதை தெரிய வேண்டும். மேலே கெட்டியாக வர்ணப்பூச்சு ஏற்றிய தோலில் கீறல், கொசுக்கடித் தடம், நரம்புக்கோடு எதுவும் தெரியாது. பளபளவென்று ஒரே சீராக இருக்கும். பூச்சு உரிந்ததும் அசிங்கமாகிவிடும். மரப்பட்டை, காய், விதை இவற்றின் துவர்ப்பில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் வேறு மாதிரி. நம் தமிழ்நாட்டிலேயே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது பழைய வழக்கம். அந்தத் தோலைப் பூசி மறைக்காமல் விட்டால் மாட்டின் உடம்பில் இருந்த தழும்பு பையிலும் இருக்கும். நாளாக ஆக, கை பட்டுப் பட்டு நிறம் ஆழமாகும். ஹைடிசைன் ஆரம்பத்திலிருந்து இந்தத் தாவரப் பதனிடலையும், பித்தளை பக்கிளையும், பழசாக ஆக அழகாகும் தோலையும் பற்றியே பேசிவந்திருக்கிறது. குறை என்று வாங்குகிறவர் நினைக்கக்கூடியதை, 'இதுதான் அசல் தோலின் அடையாளம்' என்று அவர் கேட்பதற்கு முன்பே எடுத்துச் சொல்லிவிடுகிறது. விலை ஏன் என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

ஆக ஒருவர் செய்துகாட்டினார், மற்றவர் விளக்கிச் சொன்னார். ஒருவர் கூட்டத்தைத் தேடிப் போனார். மற்றவர் தன் பொருளின் அருமை தெரிந்த சிலர் கண்ணில் பட்டால் போதும் என்று பொறுத்திருந்தார். பெயரிலேயே இது தெரிகிறது. 'சிக்' என்பது ஒரே தட்டு. பெட்டிக்கடையில் சில்லறையை நீட்டும் ஐந்து வயதுக் குழந்தை வாயிலும் நுழையும். ஹைடிசைன் என்பதில் தோலுக்கான ஆங்கிலச் சொல்லும் வடிவமைப்புக்கான சொல்லும் சேர்ந்திருக்கின்றன. உயர்ந்த வடிவமைப்பு என்றும் காதில் விழும். மூலக்குளத்தில் அந்தச் சிலேடை எத்தனை பேருக்குப் புரியும்? புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது வெளிநாட்டுக் கடைக்காரருக்குப் பொருந்தும் பெயர். யாரோடு பேசுகிறோம் என்று இருவருக்குமே தெளிவாகத் தெரிந்திருந்தது.

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான் என்று சொன்னேன். வாங்க வருகிறவர் மனதில் ஒரு தயக்கம் நிற்கிறது, அதை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார். அந்தத் தயக்கம் என்னவென்று கண்டுபிடித்து, அவர் கேட்பதற்குள் பதிலை முன்னே வைத்தது இரண்டு தொழிலும். தற்பெருமைக்கு இரண்டிலும் பெரிய இடமில்லை. நம் ஊர்க் கடைகள் இந்த இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டதோ வெளித்தோற்றத்தை மட்டும்தான். ஹைடிசைனைப் பார்த்து இங்கிலீஷ் பெயர். சிக்கைப் பார்த்து நடிகை படம், அதுவும் அனுமதி வாங்காமல் இணையத்திலிருந்து இறக்கியது. நடிகை படத்தைப் போட்டுத்தாருங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். அனுமதியில்லாத படம் வழக்கில் கொண்டுபோய்விடும் என்பதைவிட, ரெட்டியார்பாளையத்து ரெடிமேட் கடைக்கும் அந்த நடிகைக்கும் ஒட்டில்லை என்பது ஊருக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

எந்தக் கடைக்கு எந்த வழி? அடிக்கடி வாங்கும், சில்லறை விலைப் பொருளுக்குச் சிக்கின் வழி. இட்லி மாவு, சத்துமாவு, ஊறுகாய், கேக், டிபன் கடை இவற்றுக்கெல்லாம் ருசி காட்டுவதும் சின்னப் பொட்டலம் போடுவதும்தான் நல்ல விளம்பரம். 1999-ல் சிக் பாக்கெட்டை ஐம்பது பைசாவுக்கு விட்டார்கள். அந்த விலையே ஒரு செய்தி: பிடிக்காவிட்டால் உனக்கு நட்டம் அரை ரூபாய்தான். ஒரு கிலோ சத்துமாவு மட்டும் விற்கும் அக்கா நூறு கிராம் பாக்கெட் ஒன்று போட்டால், அது விற்பனைப் பொருள் மட்டுமல்ல, நோட்டீஸும்தான். (பிளாஸ்டிக் பாக்கெட் சாக்கடையை அடைப்பதை மழைக்காலத்தில் நம் தெருவிலேயே பார்க்கிறோம். அந்தப் பாவத்தில் பங்கு வேண்டாமென்றால் பேப்பர் உறை போதும்.)

எப்போதோ ஒருமுறை வாங்கும், கைக்காசைக் கனமாகக் கரைக்கும் வேலைக்கு ஹைடிசைன் வழி. கல்யாண பிளவுஸ் தைப்பவர், கட்டில் அலமாரி செய்யும் ஆசாரி, நகை வேலை செய்பவர், வீட்டுக்கு ஒயரிங் போடுபவர் இவர்கள் மாதிரிக்கு ஒரு துண்டு கொடுக்க முடியாது. இவர்கள் சொல்லத்தான் வேண்டும், அதுவும் விவரமாக. "நாங்கள் தரமான மரம் பயன்படுத்துகிறோம்" என்பது சொன்னதாகாது. இன்ன மரம், இத்தனை நாள் காயவைத்தது, மழைக்காலத்தில் கதவு கொஞ்சம் பிடிக்கும், தை மாதம் சரியாகிவிடும், ஆகாவிட்டால் வந்து இழைத்துக் கொடுப்பேன். இப்படிச் சொல்கிற ஆசாரியிடம் விலை பேசும்போதே பாதிப் பேரம் அடங்கிவிடும். கதவு பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்று பயப்படுகிறார்கள். மழையில் கதவு பிடிக்கும்போது, "அவர் அப்பவே சொன்னாரு" என்று வீட்டுக்காரர் சொல்வதற்கும் "ஏமாத்திட்டான்" என்று சொல்வதற்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

தயக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒரு வாரத்துக்கு, போனில் கேட்கிற கேள்வி, வாசலில் நின்று கேட்கிற கேள்வி எல்லாவற்றையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "ஞாயித்துக்கெழம தெறந்திருக்குமா?" என்று ஐந்து பேர் கேட்டிருந்தால், உங்கள் போர்டில் இருக்கும் 'நம்பிக்கையின் மறுபெயர்' என்ற வரியை அழித்துவிட்டு 'ஞாயிறு மதியம் 1 மணி வரை உண்டு' என்று எழுதலாம். ஒரு தையல் கடைக்கு இப்படி எழுதவைத்தேன். "லைனிங் துணி நாங்க கொண்டு வரணுமா?" என்ற கேள்விதான் நோட்டில் அதிகம். இப்போது அந்தக் கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் இருப்பது: 'லைனிங் எங்களிடமே உண்டு. கூலியோடு சேர்த்து விலை உள்ளே எழுதியிருக்கிறோம்.'

வாட்ஸ்ஆப் பற்றி ஒரு வார்த்தை. பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்புவது, உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே விசிட்டிங் கார்டு கொடுக்கும்போதே "நம்பர சேவ் பண்ணிக்கோங்கக்கா, ஆர்டர் ரெடியானா மெசேஜ் போடுறேன்" என்று சொல்லிவிட வேண்டும். தினம் பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறவரின் உண்மையான செய்தியை, அது வருகிற நாளில் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பத்திரிகைக்கும் இதே கணக்குதான். தினமலர், தினத்தந்தி இரண்டுக்கும் புதுச்சேரிப் பதிப்பு இருக்கிறது. ஆகாசவாணி நிலையமும் இங்கேயே இருக்கிறது. கடைக்கு ஐந்தாம் ஆண்டு விழா என்பது உங்களுக்குச் செய்தி, நிருபருக்கு இல்லை. பழைய மிக்ஸியைப் பழுது பார்க்கப் பெண்களுக்கு ஒரு நாள் இலவசமாகக் கற்றுத்தருகிறீர்கள் என்றால் அது செய்தி. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன, எங்கே, எந்த நாள், எத்தனை மணி, தொடர்புக்கு யார். படம் அனுப்பினால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதியே அனுப்ப வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு நிருபர் போன் போட்டுக் கேட்கமாட்டார்.

பில் புத்தகத்துக்கு வருகிறேன், இதில் எனக்கு ஆதங்கம் அதிகம். 'விற்ற பொருள் வாபஸ் பெற இயலாது' என்ற வரியைக் கீழே போடச் சொல்லி எல்லாரும் கேட்கிறார்கள். அப்பா காலத்துப் பில்லில் இருந்தது, அதனால் நமக்கும் வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ஆக அந்த வரி பழுதான பொருள் விஷயத்தில் கடைக்காரரைக் காப்பாற்றாது. அதோடு காசு கொடுத்துவிட்டுத் திரும்புகிறவரை, வாசல் தாண்டுவதற்குள் 'இனி என்னிடம் வராதே' என்று சொல்லி அனுப்புகிறது. ஹைடிசைன் தழும்பைப் பற்றி முன்னால் சொல்கிறது. நாம் தகராறைப் பற்றி முன்னால் சொல்கிறோம். அதற்குப் பதிலாக 'தையல் பிரிந்தால் 30 நாளுக்குள் கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறோம்' என்று போட்டுத்தந்தால், முதலில் முகம் சுளிப்பவர்களும் அடுத்த பில் புத்தகத்துக்கு அதே வரியைத்தான் கேட்கிறார்கள்.

கெட்ட செய்தியைச் சொல்வதற்கு இந்த இரண்டு பெரிய உதாரணங்களும் எனக்குத் தேவைப்படவில்லை. என் தங்கை வளைகாப்பில் நானே கற்றுக்கொண்டேன். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வர வேண்டும். பந்திக்கு இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. ஒரு மணி ஆயிற்று. சமையல்காரருக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. வயசான பெரியம்மா ஒருத்தர் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். இலை காற்றில் மடங்குவதை நான் கையால் பிடித்துப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு வண்டி வந்தது. டயர் பஞ்சர். சாம்பார், வடை, பாயசம் எல்லாம் அருமையாக இருந்தன. யாரும் அதைச் சொல்லவில்லை. பன்னிரண்டேகாலுக்கு ஒரே ஒரு போன் செய்து, "அண்ணா, வண்டி பஞ்சர், ரெண்டு மணி ஆயிடும், பெரியவங்களுக்கு இப்ப டிபன் ஏதாவது குடுத்துடுங்க" என்று சொல்லியிருந்தால் அவரைத்தான் அடுத்த விசேஷத்துக்கும் கூப்பிட்டிருப்போம். சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். தவறு நடந்ததும் முதலில் போனை எடுப்பது நம் கையாக இருக்க வேண்டும். கூகுளில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டினாலும் அப்படித்தான். "பொய் சொல்றீங்க" என்று பதில் எழுதினால் அதைப் படிக்கப்போகும் அடுத்த ஆளிடம் சண்டை போட்டதாகிவிடும். என்ன நடந்தது, என்ன செய்யப்போகிறோம் என்று இரண்டு வரி, ஒரு போன் நம்பர் போதும்.

முன்பு சொன்ன சத்துமாவு அக்கா கதை பாக்கி இருக்கிறது. மூலக்குளத்திலேயே வீட்டில் அரைத்து விற்கிறவர். புது லேபிளுக்கு அவர் கொண்டுவந்த மேட்டரில் மூன்று வரி இருந்தன: '100% தூய்மை', 'பாட்டியின் கைப்பக்குவம்', 'சர்க்கரை நோய் குணமாகும்'. மூன்றாவதை நான் அடிக்கமாட்டேன் என்றேன். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருளில் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் இருக்கிறது. "அப்போ என்னதான் போடுறது தம்பி? எல்லாரும் போடுறாங்களே" என்றார். உங்ககிட்ட வாங்குறவங்க என்ன கேக்குறாங்கக்கா என்றேன். யோசிக்காமலே சொன்னார்: "எத்தன ஸ்பூன், எவ்ளோ தண்ணி, கட்டி தட்டாம எப்படிக் காய்ச்சறது, இததான் தெனம் பத்து தடவ போன்ல சொல்றேன்."

அதைத்தான் லேபிளில் போட்டோம். பின்பக்கம் முழுக்க: முதலில் பச்சைத் தண்ணியில் கரைக்கவும், பிறகு அடுப்பில் வைக்கவும், கரண்டியை நிறுத்தாமல் கிண்டவும். வறுத்த முந்திரி சேர்த்திருக்கிறது, ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்த்துக்கொள்ளவும். அரைத்த தேதி. உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண். முன்பக்கம் அவர் பெயரும் மூலக்குளம் என்ற ஊரும் மட்டும். வெள்ளை இடம் நிறைய இருக்கிறதே என்று அவருக்கு வருத்தம்தான். நூறு கிராம் பாக்கெட்டுக்கும் சேர்த்து லேபிள் அடித்தோம்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். "காய்ச்சறது எப்படின்னு யாரும் இப்ப கேக்கறதில்ல தம்பி" என்றார். "புதுசா ஒண்ணு கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. பாக்கெட் பிரிச்சப்புறம் ஃப்ரிட்ஜுல வைக்கணுமா, வெளிய வைக்கலாமான்னு." அடுத்த ஆயிரம் லேபிளில் அதற்கு ஓர் இடம் விட்டு, புரூஃப் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.